இரண்டு சம்பளம் வந்தும் பிள்ளைகளுக்குப் பற்றாக்குறை ஏன்?

வாசகியின் கேள்வி:

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் போகும் வழியில் ஒரு கிராமத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கும்பகோணத்தில் நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். காலை 10 மணிக்கு உள்ளே போனால் இரவு 9 மணிக்குத்தான் வெளியே வர முடியும். சம்பளம் 8,500 ரூபாய். கணவர் வேறொருவரின் குட்டியானை வண்டியை ஓட்டுகிறார். அறுவடைக் காலத்தில் மாதம் 15,000 வரை கொண்டுவருவார். சித்திரை, வைகாசியில் 6,000 வருவதே பெரும்பாடு. சராசரி போட்டால் 11,500 வரும். மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. இருவரும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறார்கள். கட்டணம், புத்தகம், சீருடை எல்லாமாக ஆண்டுக்கு 52,000 ரூபாய்; பள்ளி வேனுக்கு மாதம் 1,600. வீட்டு வாடகை 2,500. இரண்டு மகளிர் குழுக் கடன்களுக்கு மாதத் தவணை 6,400.

பக்கத்து வீட்டுப் பெண் கணவரை இழந்தவர். விதவை ஓய்வூதியம் வாங்குகிறார். அவருடைய பிள்ளைகள் அரசுப் பள்ளியில் காலையிலும் மதியமும் சாப்பிடுகிறார்கள். நானோ மகளுக்கு வாரத்தில் மூன்று நாள் எலுமிச்சைச் சோறும் ஊறுகாயும் கட்டிக்கொடுக்கிறேன். போன மாதம் என் மகன், பக்கத்து வீட்டுப் பையனுடன் போய்க் கிச்சடி சாப்பிட்டுவிட்டு அப்புறம் வேன் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். இங்கிலாந்தில் செவிலியராக இருக்கும் என் சித்தி மகள், அங்கேயும் உதவிப்பணத்தில் இருப்பவர்களுக்குத்தான் காலம், உழைப்பவர்களுக்கு இல்லை என்கிறாள். நாங்கள் ஏழைகளா, இல்லையா? நான் வேலையை விட்டுவிட்டால் எங்களுக்கும் இந்த உதவிகள் கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்குக் கிடைப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் உதவிகளில் ஒன்றுகூட, ஒருவர் வேலைக்குப் போகவில்லை என்பதற்காகத் தரப்படுவதன்று. வேலையை விட்டால் 8,500 ரூபாய் போகும். அதற்கு ஈடாக ஒரு ரூபாய்கூட வராது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெண் நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உழைக்கும் வீடு ஒன்று, உதவியில் வாழும் வீடு ஒன்று என்று நீங்கள் பிரித்துப் பார்க்கும் இரண்டு வீடுகளுமே உழைக்கும் வீடுகள்தாம்.

இப்போது நீங்கள் அனுப்பிய கணக்குக்கு வருவோம். இருவர் வருமானமும் சேர்த்துச் சராசரியாக மாதம் 20,000 ரூபாய். ஆண்டுக்கு 52,000 என்னும் பள்ளிச் செலவைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 4,333 வருகிறது. அதனுடன் வேன், வாடகை, கடன் தவணை மூன்றையும் கூட்டினால் 14,833 ரூபாய். மிச்சம் 5,167. இந்தத் தொகையில்தான் பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், எரிவாயு, மின்கட்டணம், மருந்து, கைபேசி, பண்டிகை, உறவினர் வீட்டு மொய் அத்தனையும் அடங்க வேண்டும். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 172 ரூபாய், தலைக்கு 43 ரூபாய். மகளின் சாப்பாட்டு டப்பாவில் முட்டை இல்லாமற்போனதற்குக் காரணம் உங்கள் கவனக்குறைவோ சமையல் சோம்பலோ இல்லை. அந்த 43 ரூபாய்தான். இருபதாயிரம் வருகிறது என்று பிறர் உங்களைப் பார்க்கிறார்கள், நீங்களும் உங்களை அப்படித்தான் பார்க்கிறீர்கள். பிள்ளைகளோ மிச்சமிருக்கும் ஐயாயிரத்தில் வளர்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக் கணக்கையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. நாளொன்றுக்கு 40 ரூபாய். அதை நம்பி மூன்று பேர் உள்ள குடும்பம் நடக்காது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025–26ஆம் ஆண்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். செய்த வேலையை அளந்து தருவதால் கைக்கு வருவது அதைவிடக் குறையலாம், பணம் வங்கிக் கணக்குக்கு வந்துசேர வாரக்கணக்கிலும் ஆகலாம். 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் நாட்களை 125 ஆக்கியிருக்கிறது. கூடவே, விவசாய வேலை மும்முரமாக நடக்கும் காலத்தில் 60 நாள்வரை அவ்வேலையை நிறுத்திவைக்கவும் இடம் கொடுத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வயல் தண்ணீரில் நிற்கும்போது அவருக்குக் களையெடுப்பும் இருக்காது. உங்களுக்கு மாதம் பிறந்தால் 8,500 வரும் என்ற உறுதியாவது இருக்கிறது. அவருக்கு உறுதியாக வருவது அந்த 1,200 மட்டுமே.

அப்படியானால் அவர் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளைவிட நன்றாகச் சாப்பிடுவது எப்படி? பள்ளிக்கூடம்தான் காரணம். பொதுவிநியோகக் கடையின் இலவச அரிசி இரு வீட்டுக்கும் பொது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருப்பவர் வேலைக்குப் போகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. வேறுபாடு அதற்கு அப்பால் தொடங்குகிறது. சத்துணவுத் திட்டம் 1982இல் வந்தது. இன்று பள்ளி நாட்களில் முட்டையும் உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தின் திருக்குவளையில் நடந்த விழாவில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 2024இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025இல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் சென்றது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பட்டியல் போட்டுத் தரப்படும் அந்த உணவுக்கு அப்பா என்ன வேலை, அம்மா என்ன சம்பளம் என்ற கேள்வியே கிடையாது. பிள்ளை எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதே தகுதி. தனியார் பள்ளிப் படியேறும் பிள்ளைக்குச் சாப்பாடு, பாடநூல், சீருடை, பயண அட்டை எல்லாமே ஒரே நாளில் பெற்றோர் பொறுப்பாகிவிடுகின்றன. வேலைக்குப் போவதற்காக உங்களுக்கு யாரும் எதையும் மறுக்கவில்லை. மாதம் 4,333 ரூபாய் கட்டணமும் 1,600 ரூபாய் வேன் கட்டணமும் கொடுத்து, அந்த உதவிகளுக்கு வெளியே நீங்களாகவே வந்திருக்கிறீர்கள்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில், கையில் சற்றே காசு புரளத் தொடங்கியதும் முதலில் மாறுவது பள்ளிக்கூடம்தான். அதன் பின்னால் இருக்கும் ஆசையும் அவமானங்களும் எனக்குத் தெரியாதவை இல்லை. ஆனால் விளைவையும் சொல்லியாக வேண்டும். பள்ளித் திறப்பு ஜூன் மாதத்தில் வருகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. தண்ணீர் வந்து, நாற்றுவிட்டு, நட்டு, குறுவை அறுவடையாகி, மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்கு ஏறும்போதுதான் உங்கள் கணவரின் வண்டிக்கு வாடகை வரும். அது புரட்டாசி, ஐப்பசி. அடுத்த நல்ல காலம் சம்பா அறுவடையான தை, மாசி. ஆக, ஆண்டிலேயே வருமானம் மிகக் குறைந்த சித்திரை, வைகாசி முடிந்த கையோடு ஆண்டின் மிகப் பெரிய செலவு வந்து நிற்கிறது. அந்த இடைவெளியைக் குழுக் கடன் நிரப்புகிறது. உங்கள் இரண்டு கடன்களுமே ஜூன் மாதத்தில் வாங்கியவை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

நாங்கள் ஏழைகளா என்று கேட்டிருந்தீர்கள். நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்குப்படி, 2019–21இல் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 விழுக்காடு மட்டுமே. மின்சாரம், எரிவாயு, வங்கிக் கணக்கு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லாம் உள்ள உங்கள் வீடு அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வராது. அதே ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, இதே மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்றும், நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் என்றும் சொல்கிறது. இரண்டு விழுக்காட்டுக்கும் ஐம்பத்தேழு விழுக்காட்டுக்கும் நடுவே இருக்கும் வீடுகள் யாருடையவை? பெருமளவு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள். அரசின் வறுமைக் கணக்கில் சேராமல், மாதக் கடைசியில் பாலை அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராகக் குறைக்கும் வீடுகள். உங்கள் வீட்டை நான் அங்கேதான் வைப்பேன்.

சித்தி மகள் சொன்னதில் பாதி உண்மை, பாதி பிழை. பிரிட்டனில் 2023–24ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வீட்டுச் செலவு போக மிஞ்சும் வருமானத்தை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ 45 லட்சம் குழந்தைகள் வறுமையில் இருந்தனர். நாட்டின் நடுத்தர வருமானத்தில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதையே அங்கு வறுமை என்கிறார்கள். அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர், பெற்றோரில் ஒருவராவது வேலைக்குப் போகும் வீட்டில் வளர்பவர்கள். உழைப்பவர்களின் பிள்ளைகள் வாடுகிறார்கள் என்று அவர் சொன்னது இந்த அளவில் சரி. ஆனால் இதிலிருந்து உதவிப்பணத்தில் மட்டும் வாழும் வீட்டுப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. யாருமே வேலைக்குப் போகாத வீடுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், அங்கே ஒரு குழந்தை வறுமையில் இருப்பதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். அத்தகைய வீடுகள் எண்ணிக்கையில் குறைவு. வேலைக்குப் போகும் வீடுகள் மிகப் பல. அதனால் விகிதம் ஓரிடத்திலும் எண்ணிக்கை வேறிடத்திலும் கூடுதலாக நிற்கிறது. அரசியல்வாதிகள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் பேசுவதற்கு இது மிகவும் வசதியான கணக்கு.

அங்கேயும் உதவிப்பணம் வேலையில்லாதவர்களுக்கு மட்டும் உரியதன்று. குறைந்த சம்பளக்காரர்களுக்கும் ஒருங்கிணைந்த உதவித்தொகை உண்டு. ஒரு வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அதில் 55 பென்ஸ் குறைப்பார்கள். 2017 ஏப்ரலில் கொண்டுவந்த இரண்டு குழந்தை வரம்பு, மூன்றாம் குழந்தைக்கான தொகையை நிறுத்தியபோது, அடிபட்ட குடும்பங்களில் பெரும்பாலானவை வேலைக்குப் போகும் குடும்பங்களே. அந்த வரம்பை 2026 ஏப்ரலிலிருந்து நீக்குவதாக 2025 நவம்பர் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நம் ஊர்த் திட்டங்களில் இப்படிப் படிப்படியாகக் குறைக்கும் முறை அரிது. வரம்புக்கு ஒரு ரூபாய் கீழே இருந்தால் முழுத்தொகை, ஒரு ரூபாய் மேலே போனால் ஒன்றுமில்லை. உழைத்து இரண்டாயிரம் கூடுதலாகச் சம்பாதிக்கும் குடும்பம் அதனாலேயே சிலவற்றை இழப்பது இங்கே நடக்கும். உங்கள் மனக்குறையில் நியாயமான பகுதி இதுதான். யாரிடமாவது முறையிட வேண்டுமானால் இதைத்தான் முறையிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் 1,200 ரூபாயை இதில் சேர்க்காதீர்கள்.

ஒரு சிறு விலகல். உழைத்தால் வறுமை தீரும், தீரவில்லையென்றால் உழைப்பில் குறை என்ற எண்ணம் இந்தக் காவிரிப்படுகையில் நிலைத்திருப்பது எனக்கு எப்போதும் விந்தையாகவே படும். பண்ணையாள்களாகத் தலைமுறை தலைமுறையாக விடியுமுன் வயலில் இறங்கியவர்களின் குழந்தைகள்தாம் இந்த மண்ணில் அதிகம் பசித்திருந்தார்கள். அவர்களுக்குக் கூலியும் பாதுகாப்பும் சட்டப்படி நிர்ணயிக்க 1952இல் தஞ்சைக்கென்றே தனிச்சட்டம் வேண்டியிருந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று, கூடுதல் கூலிநெல் கேட்ட போராட்டத்தின் முடிவில் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். உழைப்பின் அளவு வேறு, உழைப்புக்குக் கிடைக்கும் பங்கு வேறு என்பதை இதைவிடக் கொடுமையாக வேறெந்த ஊரும் கற்றிருக்காது. இன்று பங்கைக் குறைப்பது மிராசுதாரின் மரக்கால் இல்லை. கதிர் அறுக்கும் இயந்திரம் வந்து வேலைநாட்கள் சுருங்கியதும், கடைகளில் பன்னிரண்டு மாதமும் மாறாமல் நிற்கும் சம்பளமும்.

இனி நீங்கள் செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம்.

முதலில் மகனின் பள்ளி. அவன் ஐந்தாம் வகுப்பில் இருப்பதால் அடுத்த ஜூனில் எடுக்கும் முடிவுக்கு மற்ற ஆண்டுகளுக்கு இல்லாத எடை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்படி, அவ்வாறு படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவனுக்கு மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். ஏழாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ மாற்றினால் இந்த இரண்டும் கைநழுவிப் போகும். அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலவழிப் பிரிவும் நடக்கிறது. நான் சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு வேலைநாளில் கணவருடன் போய், ஆறாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். திருப்தி இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் மாற்றாதீர்கள். மகள் எட்டாம் வகுப்பு வந்துவிட்டாள். அவளைப் பாதியில் இழுப்பதால் பணம் மிஞ்சினாலும் மேற்சொன்ன சலுகைகள் கிடைக்கப்போவதில்லை. பத்தாம் வகுப்பு முடியும்வரை அங்கேயே படிக்கட்டும் என்பது என் கருத்து. ஒரு பிள்ளை இங்கே, ஒரு பிள்ளை அங்கே என்றால் ஓரவஞ்சனை என்று அக்கம்பக்கம் பேசும். பேசட்டும், மகனிடம் மட்டும் காரணத்தை முழுதாகச் சொல்லிவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கு புரியும்.

அடுத்து உங்கள் சம்பளம். இதில்தான் நீங்கள் அதிகம் இழந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடைகளில் வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தரவேண்டும். காலை 10 முதல் இரவு 9 வரை, சாப்பாட்டு நேரம் ஒரு மணியைக் கழித்தாலும் பத்து மணி நேரம் ஆகிறது. கடைகளுக்கான குறைந்தபட்ச ஊதியத்தை அரசு நிர்ணயித்திருக்கிறது. அதற்கான அகவிலைப்படி ஏப்ரல்தோறும் மாறும். இந்த ஆண்டின் தொகை என்ன, உங்கள் 8,500 அதற்கு மேலா கீழா என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உட்கார நாற்காலி தரவேண்டும் என்று 2021இல் இதே சட்டத்தில் திருத்தம் வந்தது. பல ஜவுளிக்கடைகளில் அந்த நாற்காலி இருக்கிறது; அதில் உட்காரும் துணிச்சல்தான் யாருக்கும் இல்லை.

நாற்பது பேர் வேலை செய்யும் கடை, இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் எல்லைக்குள் வரும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. உங்கள் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 8,500க்கு ஏறத்தாழ 64 ரூபாய். முதலாளி பங்கு 3.25 விழுக்காடு. அந்த 64 ரூபாய்க்கு உங்களுடன் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவம் கிடைக்கும். உங்கள் குடும்பத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். உங்களுடையது 2,40,000. ஏழைக்கான காப்பீட்டுக்கு வருமானம் கூடுதல், தொழிலாளிக்கான காப்பீட்டில் கடைக்காரர் உங்கள் பெயரைச் சேர்க்கவில்லை. சென்ற ஆண்டு மகனுக்கு டெங்கு வந்து தனியார் மருத்துவமனையில் கட்டிய 27,000 ரூபாய்தான் உங்கள் இரண்டாவது கடனைப் பெருக்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். உழைக்கும் குடும்பங்கள் விழும் பள்ளம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. தனியாகப் போய் முதலாளியிடம் கேட்டால் வேலை போய்விடும் என்ற உங்கள் அச்சம் பொருளற்றதன்று. நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். அதுவும் முடியாதென்றால், இஎஸ்ஐ அலுவலகத்துக்கு எழுதிப் புகார் செய்யலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம்.

கணவருக்கு ஓட்டுநர்களுக்கான அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு இருக்கிறதா? வண்டி சொந்தமாக இருக்கவேண்டிய அவசியமில்லை, ஓட்டுநர் உரிமம் போதும். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் விபத்து நிவாரணமும் 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் அதில் உண்டு. பதிவை அவ்வப்போது புதுப்பிக்க மறந்தால் விபத்து நேரும் அன்று அட்டை பயன்படாது.

மகளிர் உரிமைத்தொகைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மனுச்செய்யக் கூடாது என்று யாரோ சொன்னதால் நீங்கள் மனுவே கொடுக்கவில்லை என்கிறீர்கள். 2023 செப்டம்பரில் அத்திட்டம் தொடங்கியபோது வகுத்த விதியில் அப்படி ஒரு வரி இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்பவையே பெரிய நிபந்தனைகள். உங்கள் 2,40,000 அதற்குள் அடங்குகிறது. விதவை ஓய்வூதியம் பெறுகிறவருக்கு அந்தத் தொகை கிடையாது என்பதும் அதே விதியில் இருந்தது. ஆகவே பக்கத்து வீட்டுப் பெண் இரண்டையும் சேர்த்து வாங்கவில்லை. இப்போதைய விதியை இ-சேவை மையத்தில் விசாரித்துவிட்டு மனுவைக் கொடுங்கள்.

கடன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் 6,400 என்பது 20,000இல் 32 விழுக்காடு, ஆகவே விதிக்குள் இருக்கிறது. ஆனால் வைகாசியில் வருமானம் 14,500 ஆகும்போது அதே தவணை 44 விழுக்காடு. சராசரியைப் பார்த்துக் கடன் கொடுக்கிறார்கள், நீங்களோ வைகாசியிலும் கட்டியாக வேண்டும். தை, மாசியில் கணவரின் கை சற்று நிறைந்திருக்கும்போது இரண்டில் சிறிய கடனை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். நுண்கடனுக்கு முன்கூட்டி அடைப்பதற்கான அபராதம் கிடையாது. அது முடியும்வரை மூன்றாவது குழுவில் சேராதீர்கள், ஜூன் மாதமே வந்தாலும். பள்ளிக் கட்டணத்தை மூன்று பகுதியாகக் கட்ட அனுமதி கேட்டு, பெரிய பகுதியை ஐப்பசிக்குத் தள்ளிப் பாருங்கள். வசூலுக்கு வருகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொல்லை கொடுக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கி 2025இல் தமிழ்நாடு தனிச்சட்டமும் இயற்றியிருக்கிறது.

இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வருவதால் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க முடிவதில்லை, மகள்தான் சோறு வைத்துத் தம்பிக்குப் போடுகிறாள் என்று வருந்தியிருந்தீர்கள். மகனின் கட்டணமும் வேனும் குறைந்து, சிறிய கடனும் முடிந்தால், மாதம் நாலைந்தாயிரம் ரூபாய் கைக்கு வரும். அப்போது கடையில் மாலை 6 மணியுடன் முடியும் நேரத்தைக் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்காவது கேட்டுப் பெறலாமா என்று யோசியுங்கள். பதின்மூன்று வயதுப் பெண் நாள்தோறும் அடுப்பு பார்ப்பது வருமானக் கணக்கில் வராத செலவு.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. தந்தையை இழந்து தாயிடம் வளரும் பிள்ளைகளுக்கு, ஊரகத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால், மிஷன் வாத்சல்யா என்னும் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. எல்லோருக்கும் கிடைத்துவிடாது, நிதி இருக்கும் அளவுக்குக் குழு பார்த்துத் தேர்ந்தெடுக்கும். தஞ்சாவூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். கணவரின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, பிள்ளைகளின் ஆதார், பள்ளியில் படிப்பதற்கான சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை எடுத்துப்போகச் சொல்லுங்கள். அவர் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் காலை உணவும் இல்லை, சத்துணவும் இல்லை. ஆகவே ஏப்ரலுக்கு முன்பே மனு போய்ச்சேர்வது நல்லது. உங்கள் மகளிர் உரிமைத்தொகை மனுவுக்கும் வருமான விவரம் கேட்பார்கள் என்பதால், கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க இருவரும் ஒரே நாளில் போகலாம்.